பாயிண்ட் கொடுத்துக் கப்பல் ஏறலாமா?

விடுதியில் வருஷா வருஷம் தங்குவதற்காக வாங்கி வைத்த டைம்ஷேர் பாயிண்ட்டைக் கொடுத்து, க்ரூஸ் என்கிற உல்லாசக் கப்பலில் இடம் எடுப்பது கட்டுபடியாகுமா என்று கேட்டால், பெரும்பாலும் கட்டுபடியாகாது என்பதுதான் என் பதில். கட்டுபடியாகிற நேரமும் உண்டு, அதையும் சொல்கிறேன். மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளில் வணிகவியல் பாடம் எடுத்தே ஓய்வு பெற்றவள் நான். எந்த வரவு செலவையும் தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

இந்தக் கணக்கை என் கையில் கொடுத்தவன் தம்பி. ஹூஸ்டனில் இருக்கிறான். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது ஃப்ளோரிடாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் ஒரு டைம்ஷேர் வாங்கினான். வருஷா வருஷம் இத்தனை பாயிண்ட் என்று கணக்கில் ஏறும், அதை வைத்து அந்தக் கம்பெனியின் விடுதிகளில் குடும்பத்தோடு தங்கலாம். அடுக்களை, துணி துவைக்கிற மெஷின், இரண்டு படுக்கையறை என்று வீடு மாதிரியே இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அது அவர்களுக்கு நன்றாகவே பயன்பட்டது. இப்போது பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், பாயிண்ட் மிஞ்சுகிறது.

அம்மாவுக்குக் கப்பலில் போகவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. குளச்சலில் பிறந்து தக்கலையில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்கிறாள், ஆனால் எல்லாம் கரையில் நின்று பார்த்ததுதான். கன்னியாகுமரியில் பூம்புகார் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய் வந்ததைத்தான் இன்றைக்கும் கடல் பயணம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். தம்பி போனில், “அக்கா, பாயிண்ட் சும்மாதானே கெடக்கு. அத வச்சி அம்மையக் கப்பல்ல கூட்டிட்டுப் போயிரலாம். பைசா செலவே இல்ல” என்றான். அந்த டைம்ஷேர் கம்பெனி உறுப்பினர்களுக்காக நடத்துகிற கிளப் அனுப்பிய மின்னஞ்சலையும் எனக்கு அனுப்பி வைத்தான். நீலக் கடல், வெள்ளைக் கப்பல், ‘உங்கள் பாயிண்ட்டுகளால் உலகைச் சுற்றுங்கள்’ என்கிற மாதிரி ஒரு வரி. விலை எங்கே என்று தேடினால் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

டைம்ஷேர் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு விடுதி அறையை ஐம்பது பேருக்கு வாரம் வாரமாகப் பிரித்து விற்பதுதான் ஆதியில் இதன் வடிவம். வாங்கியவருக்கு ஒவ்வொரு வருஷமும் அதே வாரம், அதே இடம். அது சலித்துப்போனவர்கள் தங்களுக்குள் வாரங்களை மாற்றிக்கொள்ள வழி செய்து, 1974இல் அமெரிக்காவில் ஆர்சிஐ என்ற பரிமாற்ற நிறுவனம் தொடங்கியது. பாயிண்ட் முறை பிற்பாடு வந்தது. டிஸ்னி 1991இல் தொடங்கிய கிளப் முதலிலிருந்தே பாயிண்ட்டில்தான் இயங்குகிறது. மாரியட் 2010இல் பாயிண்ட்டுக்கு மாறியது. வாரம் பாயிண்ட் ஆனதும் அதை எதற்கு வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது. விமான டிக்கெட், வாடகைக் கார், கப்பல் என்று கிளப்புகளும் பட்டியலை நீட்டிக்கொண்டே போயின.

ஆனால் பாயிண்ட் சும்மா வருவதில்லை. டைம்ஷேர் வாங்கும்போது கட்டிய பெருந்தொகை போக, ஒவ்வொரு வருஷமும் பராமரிப்புக் கட்டணம் கட்டவேண்டும். போனாலும் போகாவிட்டாலும் கட்டவேண்டும். அது ஏறுமே தவிர இறங்கி நான் கேள்விப்பட்டதில்லை. ஆரம்பத்தில் கட்டிய பெருந்தொகையை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது போன பணம். இன்றைக்கு எந்த முடிவு எடுத்தாலும் திரும்ப வராது. ஆண்டுக் கட்டணம் அப்படியில்லை. அதை அந்த வருஷப் பாயிண்ட்டால் வகுத்தால் ஒரு பாயிண்ட்டின் அடக்கவிலை கிடைக்கும். தம்பி இத்தனை வருஷமாக அந்த வகுத்தலை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. அவனைக் குறை சொல்லவில்லை, கிளப் அனுப்புகிற எந்தத் தாளிலும் அந்த எண் இருக்காது.

எண்களை எளிதாக்கி ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். உங்கள் கிளப்பின் எண்களை அந்தந்த இடத்தில் நீங்கள் போட்டுக்கொள்ளலாம். வருஷத்துக்கு 10,000 பாயிண்ட், பராமரிப்புக் கட்டணம் 1,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாயிண்ட்டின் அடக்கவிலை 12 சென்ட். அந்த 10,000 பாயிண்ட்டில் இரண்டு படுக்கையறை உள்ள விடுதியில் 7 இரவு தங்கலாம், அதே அறையைப் பணம் கொடுத்து எடுத்தால் இரவுக்கு 250 டாலர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,750 டாலர். பாயிண்ட்டுக்குப் பதினேழரை சென்ட் கிடைத்த மாதிரி. லாபம்தான்.

இப்போது கப்பல். இரண்டு பேருக்கு 7 இரவு, பயணக் கட்டணம் 2,000 டாலர். துறைமுகக் கட்டணமும் வரியும் 300. கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ், ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலர் என்று போட்டால் 252. கிளப் என்ன சொல்கிறது? 10,000 பாயிண்ட்டையும் கொடுங்கள், பயணக் கட்டணத்தில் 700 டாலர் குறைக்கிறோம் என்கிறது. பதிவுக் கட்டணம் என்று 150 டாலர் கேட்கிறது. மிச்சம் பிடித்தது 550 டாலர். 1,200 டாலர் கட்டி வாங்கிய பாயிண்ட்டுக்குக் கிடைத்தது 550. அதற்கு மேல் கையிலிருந்து இரண்டாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல் பணமாகவே போகிறது. ‘பாயிண்ட்டில் போனேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் முக்கால்வாசிக்கு மேல் பணம்தான் கட்டியிருப்போம்.

பழைய நகையைப் போட்டுப் புது நகை எடுக்கிற கணக்கு இது. நாகர்கோவில் மீனாட்சிபுரத்திலோ மார்த்தாண்டத்திலோ கடையேறி நாம் அதைச் செய்யும்போது அழுக்கு, சேதாரம், செய்கூலி என்று எங்கே எவ்வளவு போகிறது என்று நகை வாங்கிப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இங்கேயும் அதேபோல்தான் கழிகிறது, யாரும் தராசை நம் பக்கம் திருப்பிக் காட்டுவதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஏன் இப்படி ஆகிறது? விடுதி கிளப்புக்குச் சொந்தம், அல்லது கிளப்பே நடத்துவது. அங்கே அறை ஒதுக்குவதற்குக் கிளப் யாருக்கும் புதிதாகப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. கப்பல் வேறொரு கம்பெனியுடையது, அதற்குப் பாயிண்ட் செல்லாது. யாராவது பணம் கட்டியே ஆகவேண்டும். பல கிளப்புகளில் கப்பல் பகுதியை நடத்துவது ஒரு டிராவல் ஏஜென்சிதான். கப்பல் கம்பெனிகள் ஏஜென்ட்டுக்குப் பயணக் கட்டணத்தில் 10 முதல் 16 சதவீதம் வரை கமிஷன் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம், வரிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் கமிஷன் கிடையாது. அந்தக் கமிஷனில் ஒரு பங்கையும் நம் பாயிண்ட்டின் மதிப்பில் ஒரு பங்கையும் சேர்த்து ‘தள்ளுபடி’ என்று நமக்குத் தருகிறார்கள். வெளியே ஒரு நல்ல ஏஜென்ட்டிடம் போனால், பாயிண்ட் எதுவும் கொடுக்காமலே, தன் கமிஷனில் கொஞ்சத்தைக் கப்பலில் செலவழிக்கும் பணமாக நம் கணக்கில் போட்டுத் தருவார். அதையும் சேர்த்தால் மேலே சொன்ன 550 இன்னும் இளைக்கும்.

தம்பியிடம் ஒரு வேலை கொடுத்தேன். கிளப் சொன்ன அதே கப்பல், அதே தேதி, அதே வகைக் கேபின், கப்பல் கம்பெனியின் சொந்தத் தளத்தில் என்ன விலை என்று பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, “அக்கா, இவனுவ தள்ளுபடிக்கு முந்தின வெலன்னு போட்டதே அங்க உள்ளதவிடக் கூடுதலாட்டுல்லா இருக்கு” என்றான். எல்லாக் கிளப்பும் இப்படிச் செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தள்ளுபடி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்று பார்க்கவேண்டும். ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடை போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

டிப்ஸ் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த பிள்ளைகளின் சம்பளம். நம் மாவட்டத்துக் கடலோர ஊர்களிலிருந்து சரக்குக் கப்பலுக்கும் பயணிகள் கப்பலுக்கும் வேலைக்குப் போகிற பையன்கள் நிறைய. என்னிடம் படித்த ஒருவன் பெரிய க்ரூஸ் கப்பல் ஒன்றில் கேபின் சுத்தம் செய்கிற பிரிவில் இருக்கிறான். லீவில் வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருவான். அவனிடம் கேட்டேன், பாயிண்ட்டில் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறாயா என்று. “டீச்சர், பாயிண்ட்ல வந்தாலும் பைசா குடுத்து வந்தாலும் எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான். ஆனா கடைசி நாள் காலைல கவுண்டர்ல நிக்கிற ஆளுகளப் பாக்கணும்” என்றான்.

அவன் சொன்னது இது. இறங்குவதற்கு முந்தின ராத்திரி, அவன் வேலை பார்த்த கப்பலில் ஒவ்வொரு கேபினின் பில்லையும் அச்சடித்துக் கதவோரம் சொருகி வைப்பார்கள். வைஃபைக்கு இவ்வளவு, குளிர்பானத்துக்கு இவ்வளவு, போட்டோவுக்கு இவ்வளவு, கரையில் பஸ்ஸில் சுற்றிக் காட்டியதற்கு இவ்வளவு, எல்லாவற்றுக்கும் கீழே ஆள்வீதம் நாள்வீதம் டிப்ஸ். எல்லாம் முன்பே கட்டியாகிவிட்டது என்று நினைத்து வந்த குடும்பங்கள் விடிந்ததும் அந்தத் தாளோடு வரிசையில் நிற்கும். சிலர் டிப்ஸை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பார்கள். பல கம்பெனிகளில் கேட்டால் எடுத்தும் விடுவார்கள். எடுத்த பணம் கேபின் பையனுக்கும் சாப்பாடு பரிமாறுகிறவனுக்கும் போகவேண்டிய பங்கிலிருந்துதான் குறையும். ஊரில் அம்மாவும் தங்கச்சியும் அந்தப் பணத்தை எதிர்பார்த்து இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். பெரிய கம்பெனிகளில் இது ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை இருக்கிறது. பாயிண்ட் கணக்கு போடும்போதே இதைச் செலவுப் பத்தியில் எழுதிவிடுங்கள். கடைசி நாள் அவர்கள் வயிற்றில் கைவைக்க நேராது.

பணத்தில் மட்டும் முடிகிற விஷயமும் இல்லை இது. கப்பல் கம்பெனியிடம் நேராகப் பதிவு செய்தால், மீதிப் பணம் கட்டுகிற கெடு வரைக்கும் விலை இறங்கினால் இறங்கிய விலைக்கு மாற்றிக் கேட்கலாம். கெடு பெரும்பாலும் புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்னால் இருக்கும். பாயிண்ட்டில் எடுத்தால் நடுவில் கிளப் நிற்கிறது. விலை இறங்கினால் நமக்கு வருமா, ரத்து செய்தால் பாயிண்ட் திரும்புமா, திரும்பினாலும் அது செல்லுபடியாகிற வருஷம் முடிந்திருக்குமா என்று ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கவேண்டும். புயலடித்து ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுக் கப்பல் போனால் அந்தத் துறைமுகக் கட்டணம் பயணிக்குத் திரும்பும், பாயிண்ட்டில் ஒன்றுகூடத் திரும்பாது. இன்னொன்று, பாயிண்ட் சலுகையில் வருவது பல நேரம் ‘கேரண்டி’ கேபின். எந்தத் தளம், எந்த மூலை என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, கம்பெனி கடைசியில் ஒதுக்கும். சின்ன வயசுக்காரர்களுக்கு அது பொருட்டில்லை. அம்மாவுக்குப் பொருட்டு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், ஆட்டம் குறைவு. முன்முனையிலோ மேல்தளத்திலோ போட்டுவிட்டால் எழுபது தாண்டியவளுக்குச் சாப்பாடு இறங்காது.

சரி, எப்போதுதான் பாயிண்ட்டில் போகலாம்? ஆண்டுக் கட்டணம் கட்டியாகிவிட்டது, டிசம்பரில் பாயிண்ட் காலாவதியாகப் போகிறது, அடுத்த வருஷத்துக்கு ஒதுக்கி வைக்கிற கெடுவும் தாண்டிவிட்டது, விடுதிக்குப் போகவும் வழியில்லை என்றால், அந்த 550 டாலர் சுத்த லாபம்தான். விட்டுவிட்டால் பூஜ்யம். அந்த நிலையில் தாராளமாகப் போகலாம், நானே போகச் சொல்வேன். பழைய பாயிண்ட்டைக் கழிக்கவேண்டும் என்று கிளப்புகள் சிலநேரம் கூடுதல் மதிப்பு கொடுத்து அறிவிப்பதும் உண்டு. அப்போதும் அதே வகுத்தலைப் போட்டுப் பார்த்து, அடக்கவிலையைத் தொடுகிறது என்றால் எடுக்கலாம். கப்பல் பயணத்துக்கு என்றே புதிதாகப் பாயிண்ட் வாங்குவது மட்டும் கூடவே கூடாது. அமெரிக்காவில் விற்பனைக் கூட்டத்தில் உட்காரவைத்து அதைத்தான் சொல்லி விற்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு மனசு மாறினால், ஃப்ளோரிடாவில் 10 நாளுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம் என்று சட்டமே இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னொருவரிடமிருந்து பழைய பாயிண்ட் வாங்குகிறவர்களும் விதிகளைப் படிக்கவேண்டும். டிஸ்னி கிளப்பில் 2011 மார்ச்சுக்குப் பிறகு அப்படி வாங்கிய பாயிண்ட் அவர்களுடைய கப்பலுக்குச் செல்லாது.

விவரம் தெரிந்தவர்கள் செய்கிற இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கிளப் விதி இடம் கொடுத்தால், பாயிண்ட்டை அல்லது அதில் எடுத்த விடுதி அறையை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டு, வந்த பணத்தில் கப்பலை நேராக எடுப்பது. நம் மாதிரிக் கணக்கில் பாயிண்ட்டுக்கு 10 சென்ட் வாடகை கிடைத்தால்கூட 1,000 டாலர் வரும், கிளப் வழியாகக் கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விடுதி கூட்டமாக இருக்கிற விடுமுறைக் காலமாக இருந்தால் இன்னும் நன்றாகப் போகும்.

இதெல்லாம் அமெரிக்காக்காரர்கள் சங்கதி என்று நம் ஊரில் யாரும் நினைக்கவேண்டாம். நாகர்கோவில் ஓட்டல்களில் ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள்’ என்று கூப்பிட்டு 25 வருஷ உறுப்பினர் திட்டம் விற்பது பல வருஷமாக நடக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவருக்குக் ‘கப்பலிலும் போகலாம்’ என்று வாயால் சொல்லித்தான் விற்றார்கள். பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி அதில் போயிற்று. பிறகு கேட்டபோது, கப்பல் என்பது அவ்வப்போது வருகிற சலுகை, ஒப்பந்தத்தில் இல்லை என்று பதில் வந்தது. பி.எஃப். பணம் என்பது அவர் வாழ்நாள் உழைப்பு. எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை. வாயால் சொன்னதைத் தாளில் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும். நமக்கு நாகர்கோவிலிலேயே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

இந்தியாவிலேயே கப்பல் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோர்டீலியா நிறுவனம் 2021லிருந்து மும்பையைத் தளமாக வைத்து எம்ப்ரெஸ் என்ற கப்பலை ஓட்டுகிறது. 1990இல் நார்டிக் எம்ப்ரெஸ் என்ற பெயரில் கட்டிய கப்பல் அது. கொச்சிக்கும் லட்சத்தீவுக்கும் வரும் பயணங்கள் உண்டு. இங்கிருந்து ராத்திரி ரயிலேறினால் விடியுமுன் எர்ணாகுளம். விசாவும் வேண்டாம், பாயிண்ட்டும் வேண்டாம். இரண்டு மூன்று இரவு போய்ப் பார்த்து, கடல் ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொண்டு பெரிய பயணத்துக்குப் பணம் போடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அம்மாவுக்குப் பத்து வருஷ அமெரிக்க விசா கையில் இருக்கிறது, அதனால் ஹூஸ்டனுக்கே போகிறாள். அங்கிருந்து ஒரு மணி நேர தூரத்தில் கால்வெஸ்டன் துறைமுகம். மெக்சிகோவின் கோசுமெல் வரை போய் வருகிற கப்பல்கள் அங்கிருந்து புறப்படும். செல்லுபடியாகிற அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். கப்பலைத் தம்பி பணம் கட்டி நேராக எடுத்துவிட்டான். கப்பலின் நடுப்பகுதியில், லிப்ட் பக்கத்தில் கேபின். கப்பல் டாக்டரைப் பார்த்தால் பில் வரும் என்பதால் அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடும் சேர்த்திருக்கிறான். பாயிண்ட்டை, குடும்பம் முழுக்கச் சேர்ந்து அதற்கு முந்தின வாரம் கடற்கரை விடுதியில் தங்குவதற்குக் கொடுத்திருக்கிறான். பிள்ளைகளும் கல்லூரியிலிருந்து வருகிறார்கள், அடுக்களை இருப்பதால் அம்மா அங்கே மீன்குழம்பு வைக்கலாம் என்று குடம்புளி பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். மீதிப் பணம் கட்டுகிற கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை வாரத்துக்கு ஒருமுறை விலையைப் பார்த்து, இறங்கியிருந்தால் உடனே போன் பண்ணிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.